குருவி அழவில்லை

கவ்விப் பிடித்திருந்த வைஸைத் தளர்த்தி இரும்புக் கட்டியை எடுத்து, துணியால் எண்ணெயை ஒற்றிவிட்டு, அதன் பக்கச் சுவரில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாள் மைக்ரான். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கும் தட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். குருவி என்கிற சின்ன மெஷின் வெட்டிய கட்டி அது. சுவரில் மீன் செதில்போல வரிவரியாக விழுந்திருக்க வேண்டும். ஒரு வரிகூட இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மைக்ரான் என்பது அண்ணன் வைத்த பெயர். மயிரிழையை ஐம்பதாகப் பிளந்து கொடுத்தாலும், அதில் ஒன்று தடிமன் என்று திருப்பி அனுப்புகிறவள் என்பதால் வைத்தது. அண்ணனும் தங்கையுமாக நடத்திய பட்டறை அது. வாடகைக் கொட்டகை, இழுத்து மூடும் ஷட்டர், கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த வழியில் இரும்பைச் செதுக்கும் சி.என்.சி. மில்லிங் மெஷின்கள் இரண்டு. பெரியதற்கு எருமை என்று பெயர், சிறியதற்குக் குருவி. எருமை, அவள் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்த பழைய மெஷின். கனத்த வார்ப்பிரும்பு உடம்பு. எவ்வளவு ஆழமாக வெட்டச் சொன்னாலும், மழையில் நிற்கிற எருமை மாதிரி அசையாமல் நின்று வெட்டும். குருவி, அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய புதுசு. சுறுசுறுப்பு உண்டு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற வேகம் உண்டு, முதுகெலும்பு மட்டும் கிடையாது. கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொன்னால் போதும், கட்டரைத் தாங்கும் அதன் தூண் அதிர்ந்து, கட்டர் துள்ளி, பல் கூசும்படி ஒரு கீச்சொலி கிளம்பும். அதை அவர்கள் அழுகை என்பார்கள்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார் அண்ணன்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பாள் இவள்.

இந்த இரண்டு பழமொழிகளையும் வருஷக்கணக்காகத் திருப்பித் திருப்பிச் சொல்லியே இருவரும் பட்டறை நடத்தினார்கள். வேறு எதற்கும் சண்டை போட்டதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் மட்டும் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

அண்ணன் இப்போது வீட்டின் முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். நுரையீரலில் வந்த நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவர் போன பிறகு பட்டறையில் மிஞ்சப்போவது மைக்ரான் ஒருத்திதான். ஓர் ஆளுக்கு ஒரு மெஷின் போதும், கொட்டகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய மெஷின் வாங்குகிற வியாபாரி மறுநாள் லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். குருவியைத்தான் தருவதாக அவள் அவரிடம் பேசியும் வைத்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட அண்ணன் முந்தின நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் கட்டிலருகே உட்கார வைத்தார்.

"நீயா முடிவு பண்ணாத. வெட்டிப் பாப்போம்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேச முடிந்தது. "ஒரே இரும்பு, ஒரே கட்டர், ஒரே ஆழம். ரெண்டுலயும் வெட்டி ரெண்டு கட்டியையும் எங்கிட்ட கொண்டா. எது எதுன்னு சொல்லாத. நகத்தால பாத்து நான் சொல்றேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி அழும்."

"அழுதா வித்துரு."

"எவ்ளோ ஆழம் வைக்கட்டும்?"

"எருமைக்கு வைக்கிற ஆழம்."

அண்ணன் மனைவி, அவளுடைய அண்ணி, தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தவள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணி அழுகிறாள் என்று மைக்ரான் நினைத்தாள்.

சாகப்போகிற மனுஷனுக்கு இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்று வேறு யாராவது கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. அவருக்கு அதில் எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். காலையில் பட்டறையைத் திறந்தபோது அவளுக்கு இருந்த ஒரே கவலை, தோற்றுவிட்டீர்கள் என்பதை அவரிடம் எப்படி மெதுவாகச் சொல்வது என்பதுதான்.

முதலில் எருமையில் வெட்டினாள். அதில் கட்டரை மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. எருமையின் கட்டர் பிடி ஒரு கைக்குழந்தையின் எடை. படியில் ஏறி நின்று, தலைக்கு மேலே இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்க வேண்டும். அவளுடைய வலது தோள் எப்போதோ விழுந்து அடிபட்டது. ஒரு வாளித் தண்ணீருக்கே முனகும். இத்தனை வருஷமும் அவள் அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் அண்ணன் எங்கிருந்தாவது வந்து, "நகரு" என்பார். அவள் கூப்பிட்டதும் இல்லை, அவர் பெருமை பேசியதும் இல்லை. இன்று பிடியை நெஞ்சோடு அணைத்து ஏற்றியதில் தோளில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. எருமை வழக்கம்போல வெட்டிக் கொடுத்தது.

டீக்கடைக்காரர் வந்து காகிதக் குவளையில் டீ ஊற்றிவிட்டுப் போனார். அவளுக்கென்று விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தம்ளர் ஒன்று இருந்தது. அது காணாமல் போய் மாதங்கள் ஆகிவிட்டன. டீக்கடைக்காரரையும் பக்கத்துப் பட்டறைக்காரர்களையும் குறுக்கு விசாரணை செய்து பார்த்துவிட்டாள். அண்ணன்தான் அவளைவிட அதிகமாகத் தேடினார். மெஷினுக்கு அடியில் படுத்தெல்லாம் பார்த்தார்.

அதே கட்டரைக் கழற்றிக் குருவியின் சின்னப் பிடியில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றாள். குருவி அழவில்லை. வாயை மூடிக்கொண்டு பாடுகிறவர்களைப் போல அடித்தொண்டையில் ஒரு முனகல், அவ்வளவுதான். அப்படித்தான் இந்தக் கட்டி அவள் கைக்கு வந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இவள் அந்த ரகம் இல்லை. கூடத்தை விட்டுவிட்டுத் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். ஆழத்தைத் தப்பாகக் கொடுத்திருப்பேன் என்று திரையைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கட்டியை அளந்தாள், அதுவும் சரி. கட்டரின் முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பல மாதங்களாகக் குருவியில் அவள் சின்னத் துளை போடுவது தவிர வேறெதுவும் செய்ததில்லை. ஆழமாக வெட்டி அதை அழ வைப்பானேன் என்று எல்லாவற்றையும் எருமையிடமே தள்ளிவிட்டிருந்தாள்.

அளக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிர்பார்த்த எண் வந்துவிட்டால் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வார்கள். வராவிட்டால்தான் மறுபடி அளப்பார்கள். மைக்ரான் எருமையில் ஒரு தடவைதான் வெட்டினாள். குருவியிலோ புதுக் கட்டி ஒன்றை எடுத்து வைஸில் பூட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டோடு மாட்டியிருந்த பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. கட்டர்மேல் பீச்சும் குளிர்நீர் இரைச்சலில் அது அவள் காதில் விழவில்லை.

இரண்டாவது தடவையும் குருவி அழவில்லை.

கட்டிகளைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே யோசனையாக இருந்தது. கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற மாதிரி எதையாவது சொல்ல வேண்டும். 'ஒரு நாள் கூத்து' என்று சொல்லலாம். 'அடுத்த வாரம் வெட்டினா தெரியும்' என்று சொல்லலாம். அடுத்த வாரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று அப்புறம் தோன்றியது. வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதுதான் மணி பார்க்கலாம் என்று போனை எடுத்தாள். அண்ணியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

வாசலில் செருப்புகள் கிடந்தன. நடுவில் டாக்டரின் கறுப்பு ஷூ.

அண்ணனின் கண்களை யாரோ மூடியிருந்தார்கள். வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்தாற்போல் இருந்தது, எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவர் மாதிரி. அண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். மைக்ரான் பையைக் கீழே வைத்தாள். இரும்பு தரையில் இடித்த சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பதாம்மா" என்றார் டாக்டர். "ரொம்ப கஷ்டப்படல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. கட்டைவிரல் நகம் மட்டும் நீளமாக இருந்தது. வெட்டிய இரும்பின் வழவழப்பைத் தடவிப் பார்ப்பதற்கென்று அவர் வளர்த்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெட்ட வந்தபோது, இது என் தொழில் சாமான் என்று விடவில்லை. இரண்டு நாள் முன்னால், இதே கட்டிலில், டாக்டர் அவர் முதுகில் விரலை வைத்து அதன்மேல் இன்னொரு விரலால் தட்டிக் கேட்டதை நினைத்தாள். "தண்ணி கோத்திருக்கு" என்று டாக்டர் சொல்ல, அண்ணன், "காலியா இருந்தா கணீர்னு கேக்கும், நெறஞ்சிருந்தா மொத்துன்னு கேக்கும். இல்ல டாக்டர்? எங்க தொழில்லயும் அப்படித்தான்" என்றார். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் அவருக்கு வாய் குறையவில்லையே என்று அவள் மனசுக்குள் வைதுகொண்டாள்.

பைக்குள் கை விட்டு ஒரு கட்டியை எடுத்தாள். அவர் கைப் பக்கமாகக் கொண்டுபோனவள், பிறகு திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அழுக்குச் சட்டையோடு அப்படியே வந்து சுவரோரமாக நின்றார்கள். சித்தப்பா ஒருவர், சாவு வீடுகளில் நியாயம் பேசவே பிறந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கடைசி நேரத்துல கூடப் பொறந்தவ பக்கத்துல இருக்க வேணாமா? வேலை எங்க ஓடிப்போகுது?" என்றார் பொதுவாக.

 அண்ணி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சித்தப்பா சொன்னது மைக்ரானைச் சுட்டது, ஏனென்றால் அது உண்மை. ஒரு தடவை வெட்டியதோடு கிளம்பியிருந்தால் வந்து சேர்ந்திருப்பாள். தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல்தான் இரண்டாவது கட்டியைப் பூட்டினாள். ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மனுஷர் காத்துக்கொண்டிருந்தார், அதையும் தெரியாமலேயே போய்விட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பிற்பகலில் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள்தான் தோள் கொடுத்தார்கள். அவளும் ஒரு மூலையில் தோள் கொடுத்தாள், வலது தோளை. யாரும் நகரச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய், வீட்டில் அண்ணியும் அவளும் மட்டும் மிஞ்சியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். அதில் உட்காரத் தோன்றாமல் இருவரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பை வைத்த இடத்திலேயே இருந்தது.

"குருவி அழுதுச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

மைக்ரான் திரும்பிப் பார்த்தாள். அண்ணி அந்தப் பட்டறைக்குள் பத்துத் தடவை வந்திருந்தால் அதிகம். மெஷினைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"இல்ல அண்ணி. அழல."

அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். 

"அது அழாது. அதுக்குத்தானே லீவு நாள்ல எல்லாம் அங்க போனாரு. நீ என்ன நெனச்சே, தனியா உக்காந்து யோசிக்கப் போறாருன்னா?"

"ஆமா."

"அந்தத் தூணு உள்ள காலியாமே. கல்லுப்பொடியும் ஏதோ பிசினும் கொழச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அடச்சுட்டாரு, அதிராம இருக்க. வீட்டுக்கு வந்தா நகக்கண்ணெல்லாம் சாம்பலா இருக்கும். அந்த நாத்தத்துல இருமிக்கிட்டே செஞ்சாரு. நான் எவ்வளவோ சண்ட போட்டேன். 'எதுக்கு இதெல்லாம்'னு கேட்டா, 'அவ தோளு'ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

 மைக்ரானின் இடது கை தானாகப் போய் வலது தோளைப் பிடித்துக்கொண்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி."

"விட்டாரா? 'அவ வந்து அந்தக் கட்டிய நீட்டும்போது மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாக்கணும், கெடுத்துடாத'ன்னாரு. நேத்து உங்கிட்ட வெட்டிப் பாக்கச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"அழுகுணி ஆட்டம் ஆடியிருக்காரு" என்றாள் மைக்ரான். குரல் உடைந்தது. "மூஞ்சியத்தான் பாக்கல. அதுக்குள்ள..."

"கேளு. நீ கேட்டே ஆகணும்." அண்ணி அவள் முழங்கால்மேல் கை வைத்தாள். "காலைல மூச்சு ஒரு மாதிரி ஆனதும் உனக்குப் போன் போட்டேன். எடுக்கல. மறுபடி போட்டேன். மறுபடி. இவருதான் என் கையப் பிடிச்சுத் தடுத்தாரு. 'விடு. இந்நேரம் வரலன்னா அவ நம்பல. ரெண்டாவது தடவ வெட்டிக்கிட்டு இருக்கா'ன்னாரு. என்ன சிரிப்பு தெரியுமா. சத்தமே இல்லாத சிரிப்பு, ஆனா ஒடம்பெல்லாம் சிரிச்சுது. 'தோத்துட்டா'ன்னாரு. அப்புறம் பேசல."

வெளியே தூறல் நின்றுவிட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மைக்ரான் முழங்காலில் நெற்றியை வைத்துக் குனிந்தாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், காலையிலிருந்து எல்லோரும் தனக்குச் செய்த அதே மாதிரி.

"இன்னொண்ணு" என்றாள் அண்ணி, எழுந்து விளக்கைப் போடப் போகும்போது. "ஒரு நாள் ஊத்தும்போது ஏதோ கை தவறி உள்ள விழுந்துடுச்சாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. என்னன்னு கேட்டேன். 'தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா'ன்னாரு. நீதான் பாத்துச் சொல்லணும்."

மறுநாள் காலையில் வியாபாரி போன் செய்தார். விஷயம் கேள்விப்பட்டேன், பதினாறு நாள் ஒரு மாசம் கழித்துக்கூட வருகிறேன் என்றார். "இன்னிக்கே வாங்க" என்றாள் அவள். ஷட்டரைத் தூக்கினாள். எருமை ஒரு பக்கம், குருவி ஒரு பக்கம், நேற்று விட்ட இடத்திலேயே நின்றன. வைஸின் மேல் எண்ணெய்த் துணி கிடந்தது.

குருவியிடம் போய், விரல் முட்டியால் தூணில் தட்டினாள். முன்பெல்லாம் தட்டினால் காலிக் குடம் மாதிரி கணீரென்று கேட்கும். இன்று மொத்தென்று ஒரு சத்தம், உள்ளேயே அமுங்கிப் போயிற்று. மேலே தட்டினாள், கீழே தட்டினாள். எல்லா இடத்திலும் அதே சத்தம். எங்கும் ஒரு விரற்கடை காலி விடாமல் நிரப்பியிருந்தார். மூச்சு முட்டுகிற ஆள் எத்தனை வாளி கலந்திருப்பார் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தோன்றியது. போடவில்லை.

தூணின் முதுகுப்பக்கம், உச்சியை ஒட்டி, அவள் முகத்துக்கு நேராக, நான்கு திருகுகள் போட்ட ஒரு தகடு இருந்தது. அதைக் கழற்றினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் கல்லாக உறைந்துபோன கலவை, தகட்டின் கீழ் விளிம்புவரை வந்து நின்றிருந்தது. அதில் பாதி புதைந்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல், அவளுடைய எவர்சில்வர் தம்ளர். விளிம்பில் அதே நெளிவு. வாளியில் இருந்ததை மொண்டு ஊற்ற அவருக்கு உலகத்தில் வேறு தம்ளர் கிடைக்கவில்லை.

விளிம்பைப் பிடித்து இழுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். இடது கையால் பலம் கொண்ட மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளினாள். மயிரிழைகூட அசையவில்லை.

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வியாபாரி தலையைக் குனிந்து உள்ளே வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். அவருக்குப் பின்னால் ஆட்கள் சங்கிலியும் உருளைகளுமாக நின்றார்கள்.

"சின்னதுதானேம்மா தூக்கணும்?"

"பெருசு. எருமைய எடுத்துக்குங்க."

"பெருசா? போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே. அதுதான் கெட்டின்னு."

"வெட்டிப் பாத்தாச்சு" என்றாள். "ரெண்டு தடவ."

வியாபாரி ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் எருமையின் காலடியில் குனிந்து போல்ட்டைத் தளர்த்த ஆரம்பித்தார்கள். மைக்ரான் குருவியின் பக்கம் திரும்பி, இடுப்பில் செருகியிருந்த துணியின் சுத்தமான முனையைச் சுருட்டித் தம்ளருக்குள் விட்டு, படிந்திருந்த தூசியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். பிறகு தகட்டை வைத்துத் திருகுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.